எங்கள் ஏழாங்கல், அவர்கள் ஏழாங்கல்

அரியலூரை விட்டுப் பெரம்பலூர் போகும் சாலையில், கடைகள் முடிகிற இடத்தில் ஒரு பச்சைப் பலகை நிற்கிறது. அதில் மூன்று ஊர்களின் பெயர்கள். நடுவில் இருப்பது எங்கள் ஊர். ‘ஏழாங்கல் 7 கி.மீ.’ என்று வெள்ளை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அதில் எழுதியிருப்பது பொய். எங்கள் ஊர் அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் மைல் என்று யாரும் சொல்வதில்லை, கல் என்றுதான் சொல்வோம். சந்தை எவ்வளவு தூரம் என்று கேட்டால், ரெண்டு கல்லு இருக்கும் என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மைலுக்கு ஒரு கல்லை நட்டு வைத்ததால் வந்த பேச்சு அது. அரியலூரிலிருந்து ஏழாவது மைலில் நட்ட கல்லுக்குப் பக்கத்தில் சில வீடுகள் வந்தன. பிறகு ஒரு தெரு வந்தது, ஒரு மாரியம்மன் கோயில் வந்தது. கல்லின் பெயரே ஊர்ப்பெயர் ஆகிவிட்டது. ரேஷன் கார்டில் பக்கத்துப் பெரிய ஊரின் பெயர்தான் இருக்கும். ஆனால் பஸ்ஸில் டிக்கெட் கேட்பதும், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொல்வதும் ஏழாங்கல் என்றுதான்.

நான் பிறப்பதற்கு முன்பே சர்க்கார் மைலை எடுத்துவிட்டுக் கிலோமீட்டரைக் கொண்டுவந்துவிட்டது. எங்கள் ஊருக்கு நேராக நட்ட மஞ்சள் தலைக் கல்லில் 11 என்று இருந்தது. பழைய கல்லும் அதற்குப் பக்கத்திலேயே கிடந்தது. இத்தனை காலம் அதனால் யாருக்கும் ஒரு குழப்பமும் வரவில்லை. பதினொன்று என்று போட்ட கல்லுக்கு எதிரே நின்றுகொண்டு, ‘ஏழாங்கல்லுல நிக்கிறேன்’ என்று போனில் சொல்வோம். கேட்கிறவனுக்கும் புரியும்.

எனக்குக் கிலோமீட்டரோடு சண்டை எதுவும் இல்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, அதில் கிலோமீட்டர்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் ஊரிலேயே, சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகளுக்கு டயர் கழற்றி மாட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். அங்கே டயரை இஞ்சில் சொல்வோம், காற்றைப் பவுண்டில் பிடிப்போம், வண்டி ஓடியதைக் கிலோமீட்டரில் கேட்போம். முதலாளி மனை வாங்கினால் சதுர அடி, சட்டைத் துணி எடுத்தால் மீட்டர். யாரும் துணிக்கடையில் போய்ச் சதுர அடி கேட்டதில்லை. இரண்டும் கலந்துதான் எல்லோரும் காலம் தள்ளுகிறோம். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுக்கொள்கிறோம். கேட்காமலே செய்துவிட்டுப் போனார்களே, அவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு புளியமரம் இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது அதை வெட்டினார்கள். பழைய கல்லையும் அப்போதுதான் மண்ணோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வெயிலில்தான் நிற்க வேண்டும். ஏழாங்கல் பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை வேண்டும் என்று ஊரில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் சொன்னோம். ஒருவழியாக அனுமதி ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள். இன்றைக்கு மணல் வரும், நாளைக்குச் செங்கல் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றும் வரவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் அரியலூரிலிருந்து வண்டியில் வந்தார். பட்டறை வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“நம்ம நிழற்குடை வந்துருச்சுய்யா. டைல்ஸ் எல்லாம் போட்டு, ஃபேன் மாட்டுறதுக்குக் கொக்கி கூட வச்சிருக்கான்.”

“எங்க?”

“ஏழாங்கல்லுலதான்.”

“நான் இங்கதான நிக்கிறேன். எங்கய்யா இருக்கு?”

“இந்த ஏழாங்கல்லு இல்லய்யா. ஏழுன்னு போட்ட கல்லுல.”

போய்ப் பார்த்தேன். அரியலூரிலிருந்து ஏழாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. எங்கள் ஊருக்கு வர அங்கிருந்து இன்னும் நான்கு கிலோமீட்டர். சுற்றி ஒரு வீடு கிடையாது. ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்து விட்டுப்போன பள்ளம், இன்னொரு பக்கம் கருவேலங்காடு. நடுவில் நீல நிறத்தில் ஒரு நிழற்குடை. நெற்றியில் கொட்டை எழுத்தில் ‘ஏழாங்கல்’. உள்ளே இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. அன்றைக்கு நானும் சிரித்தேன். ஊரே சிரித்தது. ஆட்டுக்குக் கட்டின குடை என்று பேர் வைத்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்மீதே எரிச்சல் வருகிறது.

அதற்குப் பிறகுதான் என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் அரியலூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். காலையில் போனால் மத்தியானம் பஸ் ஏறுவாள். மெஷினிலிருந்து இறங்கியதும் அவளுக்கு உடம்பில் ஒன்றும் இருக்காது. காலில் நரம்பு இழுக்கும், கண் இருட்டும். தண்ணீரும் இஷ்டத்துக்குக் குடிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள். என் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்த ஒருமுறை, மயக்கம் வந்து சரிந்தாள். இனிமேல் வண்டியே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பஸ்தான். பஸ் எங்கள் தெரு முனையில் நின்றால் வீட்டுக்கு வந்துவிடுவாள். பஸ் நிற்பது ஒன்றுதான் எங்களுக்கு வேண்டியது. வேறு எதையும் யாரிடமும் நாங்கள் கேட்கவில்லை.

பழைய கண்டக்டர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். நிழற்குடை எங்கே இருந்தால் என்ன, பஸ்ஸை எங்கள் முனையில் நிறுத்தினார்கள். பிறகு அவர்கள் மாறிப் போனார்கள். புதிய ஆட்கள் வந்தார்கள். டிக்கெட் மெஷினிலும் ஏழாங்கல் என்றால் அந்த நீல நிழற்குடைதான் என்று ஏற்றிவிட்டார்கள்.

அன்றைக்கு ஒரு வெள்ளிக்கிழமை, கத்திரி வெயில். பட்டறையில் ஒரு டிப்பரின் பின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“ஏங்க, நான் ஏழாங்கல்லுல நிக்கிறேன்.”

“வந்துட்டியா? சரி, வூட்டுக்குப் போய்ப் படு.”

“நம்ம ஏழாங்கல்லு இல்லீங்க. அவனுங்க ஏழாங்கல்லு.”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். போய்ப் பார்த்தால், சிமெண்டு பெஞ்சில் கால்களை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். லாரிகள் போய் வந்த தூசியில் தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஊசி குத்திய இடது கையை மடியில் வைத்து வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். பஞ்சின் மேல் ரத்தம் லேசாகக் கசிந்திருந்தது.

“ஏன்டி இங்க எறங்கின?”

“நான் எங்க எறங்கினேன்? எறக்கி வுட்டான். இது இல்லப்பா எங்க ஊருன்னேன். போர்டைக் காட்டுறான். நான் என்ன பண்ணட்டும்?” என்றாள். பிறகு, “குடை நல்லாத்தான் கட்டியிருக்கான். ஆடுங்களும் நல்ல ஆடுங்க. நகந்து எடம் வுட்டுச்சுங்க” என்றாள்.

அவளை இடுப்போடு சேர்த்து என் துண்டால் என்னோடு கட்டிக்கொண்டேன். காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வண்டியை நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். பாதியில் என் முதுகில் அவள் தலை கனமாக விழுந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. வண்டியை நிறுத்திச் சாலை ஓரத்தில் படுக்க வைத்து, பாட்டில் தண்ணீரில் துண்டை நனைத்து முகத்தைத் துடைத்தேன். கண் திறந்ததும் தண்ணீர் கேட்டாள். அன்றைக்குக் குடிக்க வேண்டிய அளவைக் காலையிலேயே குடித்துவிட்டிருந்தாள். இரண்டு மூடி கொடுத்தேன். இன்னும் என்று கையை நீட்டினாள். நான் பாட்டிலை மூடினேன். அப்படி மூட வைத்தார்களே, அதை நான் மறக்க மாட்டேன்.

அடுத்த வாரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாலை ஆபீஸுக்குப் போனேன். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிற ஆள் நான். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அதிகாரி என்னைவிட வயதில் சின்னவர், வேறு மாவட்டத்துக்காரர். உட்காரச் சொன்னார். அவர் நாற்காலி கொடுத்ததிலேயே நான் மனப்பாடம் செய்ததில் பாதி போய்விட்டது.

“ஏழாங்கல் எங்கங்க இருக்கு, சொல்லுங்க” என்றார்.

“பதினோராவது கிலோமீட்டர்லங்க.”

“பதினோராவது கிலோமீட்டர்ல எப்படிங்க ஏழாங்கல் இருக்கும்?”

“அது வேற கல்லுங்க. பழைய கல்லு.”

“சரி, அந்தக் கல்லு அங்க இருக்கா?”

“இல்லீங்க. எடுத்துட்டாங்க.”

“யாரு எடுத்தா?”

“நீங்கதாங்க எடுத்தீங்க. ரோடு அகலம் பண்ணயில.”

அவர் சிரித்தார். பக்கத்து மேஜையில் இருந்தவரும் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். “ஐயா, மனுவுல மைல்னு எழுதியிருந்தா எங்களுக்குப் புரிஞ்சிருக்கும். கல்லுன்னு எழுதியிருக்கீங்க. கல்லுன்னா கல்லுதான? ரோட்டுல ஏழுன்னு ஒரு கல்லு இருக்கு, அங்க கட்டிட்டாங்க” என்றார்.

“கட்டுறதுக்கு முன்னால யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாங்களே?”

“யாரைங்க கேக்கிறது? அங்கதான் யாருமே இல்லையே.”

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார். யாருமே இல்லாத இடத்தில் எதற்கு பஸ் நிழற்குடை என்று கட்டும்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. செங்கல் இறக்கினவன், பூசினவன், எழுத்து எழுதினவன், திறந்து வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டவர் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் இடத்தில் இன்னொன்று கட்டித்தாருங்கள் என்றேன். ஏழாங்கல்லில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, ஒரே நிறுத்தத்துக்கு எதற்கு இரண்டு என்று தணிக்கையில் கேட்பார்கள் என்றார். குடை வேண்டாம், பச்சைப் பலகையில் இருக்கும் ஏழு என்பதை அழித்துவிட்டுப் பதினொன்று என்றாவது மாற்றுங்கள் என்றேன். அப்படி மாற்றினால் ஏழாவது கிலோமீட்டரில் இருக்கும் நிழற்குடைக்குப் பேர் தப்பாகிவிடும் என்றார். தப்பு எது, சரி எது என்று எனக்கே ஒரு நிமிஷம் குழம்பிப் போனது. என் மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் போனேன். அதைச் சொல்லாமலே கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். டீக்கடையில் வந்து நின்றபோதுதான் பேச வேண்டியதெல்லாம் வரிசையாக வாயில் வந்தது. யாரிடம் சொல்வது? டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த பஸ் பெரம்பலூர் டெப்போவைச் சேர்ந்தது. அங்கேயும் போனேன். அங்கே இருந்தவர் நாற்காலி கொடுக்கவில்லை. “குடை எங்க இருக்கோ அங்கதான்யா ஸ்டாப்பு. குடையை மாத்தச் சொல்லு, நான் பஸ்ஸை மாத்துறேன்” என்றார். குடையை மாற்ற மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். அரியலூரில் ஒன்று பேசுகிறார்கள், பெரம்பலூரில் ஒன்று பேசுகிறார்கள். நடுவில் கிடக்கிற எங்களை யார் பார்ப்பது?

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானே அவளோடு போக ஆரம்பித்தேன். முதல் இரண்டு முறை அதிர்ஷ்டம், பழைய கண்டக்டர் ஒருவர் இருந்தார். எங்கள் முனையில் நிறுத்திவிட்டார். மூன்றாம் முறை ஏறினபோது, அன்றைக்கு அவளை இறக்கிவிட்ட அதே ஆள் இருந்தார். அவள் என் தொடையில் கிள்ளி, கண்ணால் அவரைக் காட்டினாள்.

பஸ்ஸில் கூட்டம். கல்லங்குறிச்சிக் கோயிலில் மொட்டை போட்டுவிட்டு வந்த ஒரு குடும்பம் எங்கள் முன் சீட்டில் இருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அம்மாவைத் தவிர எல்லோர் தலையிலும் சந்தனம். நீல நிழற்குடை வந்ததும் பஸ் நின்றது.

“ஏழாங்கல்லு எறங்கு, ஏழாங்கல்லு” என்று கண்டக்டர் சத்தம் போட்டார். நாங்கள் அசையவில்லை. அவர் பக்கத்தில் வந்தார்.

“யம்மா, ஏழாங்கல்லுதான கேட்டீங்க? எறங்குங்க.”

“கேட்டேன் தம்பி. வந்தா எறங்குறேன்” என்றாள் என் மனைவி.

“வந்துடுச்சும்மா. போர்டு தெரியலையா?”

“போர்டு தெரியுது. ஊரைத்தான் காணும். ஊரை எங்க வச்சிருக்க தம்பி?”

பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். கண்டக்டருக்கு முகம் சிவந்தது. “வெளயாடாதம்மா. நேரமாவுது. ஏறுறதே ஓசியில, இதுல வூட்டு வாசல்லயே எறக்கி வேற வுடணுமா?”

பெண்களுக்கு அந்த பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. அது சர்க்கார் சொன்னது, நாங்கள் கேட்டதில்லை. எதற்கும் பதில் வைத்திருக்கிற என் மனைவி, அந்த ஒரு வார்த்தைக்குத் தலை குனிந்துகொண்டாள். கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நான் எழுந்து நின்றது எனக்குத் தெரியாது. நின்றுகொண்டிருப்பது மட்டும்தான் தெரிந்தது.

“யாருய்யா ஓசி? நான் டிக்கெட் வாங்கியிருக்கேன்ல? இந்தா பாரு. அவளுக்கு ரத்தத்தை வெளிய எடுத்து உள்ள வுட்டு அனுப்பியிருக்காங்க. அன்னிக்கு இதே எடத்துல எறக்கி வுட்டுட்டுப் போன. பாதி வழியில வுழுந்துட்டா. தெரியுமா உனக்கு? தண்ணி கேட்டா, நான் குடுக்கல. தெரியுமா?”

“யோவ், அதுக்கு நான் என்னய்யா பண்றது? ஸ்டாப்பு இதுதான்.”

“அப்ப நீ எறங்கு. நீ எறங்கி நடந்து வா, எங்க ஊரு எங்க இருக்குன்னு காட்டுறேன். எறங்குய்யா!”

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“என்னய்யா தகராறு?”

“ஏழாங்கல்லு எறங்க மாட்டேங்குறாங்கண்ணே” என்றார் கண்டக்டர்.

“அவங்களுது பழைய ஏழாங்கல்லுப்பா. கோயிலு இருக்குமே, பதினொண்ணாவது கிலோமீட்டரு. எனக்குத் தெரியும்” என்றார் டிரைவர்.

எனக்கு இன்னும் தலைக்கு ஏறியது. “தெரியுமா? தெரிஞ்சுதான் அன்னிக்கு எங்க தெருவைத் தாண்டிப் போனீங்களா?”

“விசில் குடுத்தா நிறுத்துவேன். விசில் வரலன்னா நான் ஏன் நிறுத்துறேன்? நிறுத்தினா எனக்குல்ல மெமோ குடுப்பான்” என்றார் அவர். சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மொட்டை போட்ட அப்பா பொறுமை இழந்து, “யோவ், சண்டையைக் கீழ எறங்கி வச்சுக்கங்கய்யா. பிள்ளைங்க பசியோட இருக்குதுங்க” என்றார். அவர் மனைவி அவர் தொடையில் ஒன்று போட்டாள். “நீங்க சும்மா இருங்க. அந்தம்மா மொகத்தைப் பாத்தீங்களா, சுண்ணாம்பா வெளுத்துக் கெடக்கு. இந்த வெயில்ல, ஆட்டுக் கொட்டாயில எறங்கச் சொல்றான். வண்டிய எடுக்கச் சொல்லுங்க.” பின்னாலிருந்தும் இரண்டு மூன்று பேர் ‘எடுய்யா வண்டிய’ என்று கத்தினார்கள். அவர்களில் எத்தனை பேர் எங்களுக்காகக் கத்தினார்கள், எத்தனை பேர் நேரமாகிறது என்று கத்தினார்கள் என்று தெரியாது. கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் கிளம்பியது.

“அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் டிக்கெட் எடுத்துக்க. அங்க எறங்கித் திரும்பி நடந்து போ” என்று என்னிடம் சொன்னார். அடுத்த ஸ்டாப் எங்கள் ஊரைத் தாண்டி இன்னும் தூரத்தில் இருக்கிறது. நான் டிக்கெட் எடுக்கவில்லை. உட்காரவும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தேன். மாரியம்மன் கோயில் தெரிந்ததும், “நிறுத்து” என்று கத்தினேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. “நிறுத்துய்யா!” என்று மறுபடி கத்திவிட்டு பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் அடித்தேன். முன் சீட்டு அம்மாவும் அடித்தாள். மொட்டைப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், அவர்களும் சேர்ந்து அடித்தார்கள். கோயிலைத் தாண்டி, எங்கள் தெருவையும் தாண்டிய பிறகுதான் விசில் வந்தது.

நான் முதலில் இறங்கி அவள் கையைப் பிடித்தேன். படியில் நின்ற கண்டக்டர், “இன்னிக்கு மட்டும்தான். புரியுதா?” என்றார்.

“வெள்ளிக்கிழமை வந்தா அதுவும் இன்னிக்குத்தான தம்பி” என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிலில் படுக்க வைத்தேன். நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் படுத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். “உங்களுக்கு இவ்வளவு சத்தம் வருமா? நம்ம கல்யாணத்துல தாலி கட்டுறப்போ ஐயர் பேரு கேட்டதுக்கு, நீங்க சொன்னது காதுல விழாம நாலு தடவை கேட்டாரே.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. உடம்பெல்லாம் காய்ச்சல் போல் இருந்தது.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பட்டறையில் இதைக் கேள்விப்பட்டுத் தோளில் தட்டினார்கள். அதெல்லாம் எனக்குப் பிடிக்கவே இல்லை. கூட்டத்தில் என்னை யாரும் பார்க்காமல் இருப்பதுதான் எனக்கு நிம்மதி. அப்படித்தான் இந்த வயது வரை இருந்தேன். இப்போது வாரம் இருமுறை ஒரு பஸ் நிறையப் பேருக்கு முன்னால் நின்று கத்துகிறேன். கண்டக்டர் மாறுகிறார், டிரைவர் மாறுகிறார், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கல் என்றால் மைல், எங்கள் கல் வேறு, உங்கள் கல் வேறு. சிலர் நல்லவர்கள், ஒரு தடவை சொன்னால் தலையாட்டிவிட்டு நிறுத்துகிறார்கள். சிலரிடம் தகரத்தை அடிக்க வேண்டியிருக்கிறது. வழக்கமாக வருகிறவர்களுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. நான் ஏறினாலே, ‘கத்துற ஆளு வந்துட்டாருடோய்’ என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது காதில் விழுகிறது. காது சூடாகிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

ஊரில் சிலர் பேரையே மாற்றிவிடலாம் என்றார்கள். கோயில் ஸ்டாப் என்று வைத்துவிட்டால் தொல்லை இல்லை என்றார்கள். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. “தப்பா கட்டினவன் பேரை வச்சுக்குவான், ஊரு பேரைத் தொலைச்சுட்டு நிக்கணுமா?” என்று கேட்டாள். எனக்கு அந்த அளவுக்குப் பேர் மேல் பிடிவாதம் இல்லை. எந்தப் பேரில் நிறுத்தினாலும் சரி, நிறுத்தினால் போதும். ஆனால் பேரை மாற்றினாலும் டிக்கெட் மெஷினில் ஏற்ற வேண்டுமாம், அதற்கும் மனு கொடுக்க வேண்டுமாம். இன்னொரு மனு எழுதி, அதில் அவர்கள் எந்த வார்த்தையை எப்படிப் புரிந்துகொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

போன வாரம் கல்லுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் வந்தார்கள். எங்கள் ஊர் எதிரே இருக்கிற கல்லில் 11 என்பதைக் கறுப்பில் அழகாக எழுதினார்கள். நான் அருகில் போய் நின்றேன். பக்கத்தில் ஏழாங்கல் என்று சின்னதாக எழுத முடியுமா என்று கேட்டேன். பெயிண்ட் அடித்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏண்ணே, பதினொண்ணு எழுதுன கல்லுல ஏழுன்னு எழுதச் சொல்றீங்க. காலையிலயே போட்டுட்டீங்களா?” என்றார். நான் குடிப்பதில்லை. அதைக்கூட அவரிடம் சொல்லவில்லை. பஸ்ஸுக்குள்தான் எனக்குக் குரல் வருகிறது. அதுவும் அவள் பக்கத்தில் இருந்தால்தான்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவினேன். அவள் அடுப்படியிலிருந்து ஒரு டம்ளர் பாலோடு வந்தாள். மிளகும் மஞ்சளும் போட்டிருந்தது. பால் அவளுக்குக் கூடாது, எனக்காக மட்டும் காய்ச்சியிருந்தாள்.

“நாளைக்குப் புது கண்டக்டராம். எதிர் வூட்டுப் பொண்ணு இன்னிக்கு அந்த பஸ்ஸுலதான் வந்துச்சு. அவனும் குடையிலதான் எறக்கி வுட்டானாம், நடந்து வந்திருக்கு” என்றாள். “குடிங்க. வெள்ளிக்கிழமை கத்தினதுல தொண்டை இன்னும் கட்டிக்கிட்டுத்தான் கெடக்கு.”